நான் வீட்டில் இருக்கிறேன்

கன்னியம்மா வேலைக்குப் போய் வீடு திரும்பாமல் ஒன்பது நாள் ஆகியிருந்தது. ஒன்பதாம் நாள் பொழுது சாய்கிற நேரத்தில் அவளுடைய குரல் ஒரு வார்த்தையைத் தவறாகச் சொன்னது.

பெரிய தவறு என்று சொல்ல முடியாது. வேறு யாராவது பக்கத்தில் இருந்திருந்தால் காதிலேயே விழுந்திருக்காது. நஜ்மா மட்டும் கீபோர்டிலிருந்து கையை எடுத்தாள். அந்த வாக்கியத்தை அவள் நூற்றுக்கணக்கான தடவை கேட்டவள். 'நான் வீட்டில் இருக்கிறேன்.' கம்ப்யூட்டருக்காக அவள் எழுதிய நிரலில் எதை மாற்றினாலும், ஒரே ஒரு புள்ளியை நகர்த்தினாலும், உடனே அந்த வாக்கியத்தை ஓட்டிக் கேட்பாள். அது சரியாக வந்தால் மிச்சமும் சரியாக வரும் என்பது அவள் கணக்கு.

இப்போது அது, 'நான் வீட்டில் கீறேன்' என்றது.

ஜன்னலுக்கு வெளியே கும்மிடிப்பூண்டி லோக்கல் கவரைப்பேட்டை ஸ்டேஷனைவிட்டுக் கிளம்பி வேகமெடுத்துக்கொண்டிருந்தது, அதன் அதிர்வில் மேசைமேல் இருந்த தண்ணீர் டம்ளர் மெல்ல முனகியது, அடுப்படியில் உம்மா பீவி ஜான் வெங்காயத்தை எண்ணெயில் கொட்டிய சத்தமும், மழைக்கு முந்தின புழுக்கத்தில் எங்கும் போகாமல் அறைக்குள்ளேயே நின்றுவிட்ட அதன் வாசனையும் சேர்ந்து வந்தன. இத்தனைக்கு நடுவில் காது ஏமாந்திருக்கலாம். நஜ்மா மறுபடி ஓட்டினாள்.

'நான் வீட்டில் இருக்கிறேன்.'

சரியாக இருந்தது. அவள் மூச்சை விட்டாள்.

நஜ்மா பொன்னேரியில் இயற்பியல் படித்தவள். படிப்பு முடிந்து வேலைக்காகச் சென்னைக்கு ஒரு தடவை போனாள். இன்டர்வியூவில் பேரைச் சொல் என்று மூன்று முறை கேட்டும் தொண்டையிலிருந்து காற்றுதான் வந்தது. அதற்கப்புறம் அவளை யாரும் எங்கும் அனுப்பவில்லை. துபாயிலிருந்து அண்ணன் அர்ஷத் அனுப்பிய பணத்தில் வாங்கிய கம்ப்யூட்டரோடு முன்னறையில் இருந்தாள். தானே நிரல் எழுதக் கற்றுக்கொண்டாள். தமிழில் எழுதியதைக் கம்ப்யூட்டர் வாய்விட்டுப் படிக்க ஒரு சின்னத் தொகுப்பு செய்தாள். நிரல் எழுதுகிறவர்கள் இதை லைப்ரரி என்பார்கள். மற்றவர்கள் எடுத்துத் தங்கள் நிரலோடு சேர்த்துக்கொள்வதற்காக எழுதப்படுவது.

அது செய்கிற வேலை எளிமையானது. வார்த்தையை எழுத்து எழுத்தாகப் பிரிக்கும். ஒவ்வொரு எழுத்துக்கும் பதிவு செய்துவைத்த குரல் துண்டு ஒன்று இருக்கும். அதை எடுத்து ஒட்டி ஒலிக்கும். அர்த்தம் அதற்குத் தெரியாது. 'வாய்' என்று அதற்குப் பேர் வைத்திருந்தாள். யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குக் கொடுக்கலாம் என்று எழுதி, கன்னியம்மா காணாமல் போவதற்கு முந்தின வாரம்தான் இணையத்தில் வைத்தாள்.

வாய் நஜ்மாவுடையது. குரல் கன்னியம்மாவுடையது.

கன்னியம்மாவும் அவள் புருஷன் பாக்கியராஜும் இவர்கள் வீட்டின் பின்போர்ஷனில் குடியிருந்தார்கள். பாக்கியராஜ் புதுவாயலில் ஒரு குடோனில் மூட்டை தூக்கினான். கன்னியம்மா கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பி மில்லில் கான்ட்ராக்ட் வேலை. பழுக்கக் காய்ந்த கம்பிமேல் தண்ணீர் பீய்ச்சும்போது உதிர்கிற இரும்புச் செதில் தண்ணீரோடு தரைக்கடியில் உள்ள தொட்டிக்குப் போகும், மேலே தங்கியதை அவள் கூட்டி அள்ள வேண்டும். அவள் வேலை முடிந்து வந்து கொல்லைக் கதவைத் திறந்தால் ஈர இரும்பின் வாடை அவளுக்கு முன்னால் உள்ளே வரும். அதற்குப் பின்னால் அவள் பேச்சு வரும்.

எழுத்துகளைப் பதிவு செய்ய மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது. மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலில் ஜமுக்காளத்தைத் தொங்கவிட்டு, ரயில் வந்தால் நிறுத்தி, போனபின் தொடர்ந்து, இருவரும் வியர்வையில் குளித்தார்கள்.

"பள்ளிக்கொடத்துலகூட என்னை இத்தினி தபா ஆனா ஆவன்னா சொல்லச் சொன்னதில்ல பாப்பா" என்றாள் கன்னியம்மா.

நடுநடுவே மில் கதை சொல்லுவாள். நடக்கிற இடத்தில் ஒரு இரும்புத் தகடு ஆடுகிறதாம். மிதித்தால் டங்கு டங்கென்று தன்னோடு பேசுகிறதாம். சூப்பர்வைசரிடம் சொன்னால், அதுவாவது உன்னோடு பேசுகிறதே என்று சிரிக்கிறானாம்.

முதல் வாக்கியத்தைப் போட்டுக் காட்டிய அன்று அவள் முகத்தைச் சுளித்தது நஜ்மாவுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"யாருடி இவ, நியூஸ் வாசிக்கிறவ மாதிரி? நான் எப்போ இருக்கிறேன்னு சொன்னேன்? கீறேன்னு சொன்னாதான் அது நானு."

எழுத்தில் இருப்பதைத்தான் அது சொல்லும் அக்கா, எழுதாததைச் சொல்லாது என்று நஜ்மா மெதுவாக விளக்கினாள்.

"அப்போ அது நான் இல்ல, வுடு."

வேடிக்கைக்காக நஜ்மா பாக்கியராஜ் என்று அடித்து ஓட்டினாள். கன்னியம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள், தானே சொல்லிவிட்டது போல. கல்யாணமான நாளிலிருந்து அவள் புருஷன் பேரைச் சொன்னதில்லை. சொன்னால் அவன் ஆயுசு குறைந்துவிடும். யோவ் என்றுதான் கூப்பிடுவாள், கோபம் என்றாலும் ஆசை என்றாலும். பொத்திய கைக்குள்ளிருந்து அவள் சிரிப்பு வெளியே வர வெகுநேரம் ஆனது.

"எனக்கு வாய் ஜாஸ்தி. உனக்கு வாயே இல்ல. என்னுத எடுத்துக்கோ பாப்பா. எனக்கு எப்பனா வேணும்னா உன்னுத குடு, சரியா?"

நஜ்மா தலையாட்டினாள்.

ஒன்பது நாளைக்கு முன்னால் இரண்டாம் ஷிப்டுக்குப் போனவள் வரவில்லை. வேனில் மற்றப் பெண்கள் காத்திருந்து பார்த்திருக்கிறார்கள். அவள் அப்போதே போய்விட்டாள் என்று கான்ட்ராக்டரின் ஆள் சொல்லிவிட்டான். மறுநாள் பாக்கியராஜ் மில் கேட்டில் நின்றான், ஓடிப்போனவளை இங்கே வந்து தேடுகிறாயா என்றார்கள். போலீஸில் கோபம் தணிந்தால் வந்துவிடுவாள் என்று அனுப்பினார்கள். குடோனில் யாரோ, போகும்போது டப்பு ஏதாவது எடுத்துக்கினு போனாளா என்று கேட்டிருக்கிறான். பாக்கியராஜ் யாரையும் அடிக்கவில்லை. வந்து கொல்லை விளக்கைப் போட்டான். அதை இரவும் பகலும் அணைக்கவே இல்லை. உம்மா தட்டில் சோறு போட்டு அனுப்பினால், வந்துருவா பீவிம்மா என்று சொல்லி வாங்கிக்கொள்வான்.

நஜ்மா மூன்றாம் முறை ஓட்டினாள். சரி. நான்காம் முறையும் சரி.

ஐந்தாம் முறை, 'நான் வீட்டில் கீறேன்.'

இந்தத் தடவை அவள் திரையைப் பார்த்தாள். எந்தெந்தத் துண்டை ஒட்டியது என்று நிரல் கீழே எழுதிக் காட்டும். இ, ரு, க், கி, றே, ன். ஆறு துண்டு. காதில் விழுந்தது மூன்று. அந்த வாக்கியத்தில் நெடில் கீ கிடையாது. எழுதாததை அது சொல்ல முடியாது. அதை எழுதியவள் அவள்தான்.

ஒலியைக் கூட்டிவைத்து மறுபடி கேட்டாள். கன்னியம்மாவின் குரலுக்குப் பின்னால் இன்னொரு சத்தம் இருந்தது. தண்ணீர். சொட்டுவது இல்லை, குழாயில் வருவதும் இல்லை, பெரிய இடத்துக்குள் எங்கோ உயரத்திலிருந்து விடாமல் விழுந்துகொண்டிருக்கிற தண்ணீர். அவர்கள் பதிவு செய்த நாட்களில் இந்த அறையில் தண்ணீரே இல்லை. துண்டுகளைத் தனித்தனியாகத் திறந்தாள். அ. ஆ. இ. எல்லாவற்றிலும் இருந்தது. பதிவான தேதி பழையது. அளவு மாறவில்லை. யாரும் தொடவில்லை.

அடுப்படியிலிருந்து வந்த வெங்காய வாசனை நின்றுவிட்டதை அவள் அப்போதுதான் உணர்ந்தாள். வேறொரு வாடை வந்திருந்தது. ஈர இரும்பு. கொல்லைக் கதவு திறந்ததும் வருமே, அது.

கொல்லைக் கதவு சாத்தியிருந்தது.

மறுநாள் காலை பஸ் பிடித்துப் புதுவாயலுக்குப் போனாள். வீட்டில் இணையம் கிடையாது, கூட்டுரோட்டில் இருந்த பிரவுசிங் சென்டருக்குத்தான் போக வேண்டும். லாரிகள் வரிசையாக ஆந்திரா பக்கம் போய்க்கொண்டிருந்தன. வெயில் நன்றாக அடித்தது. பகலில், இத்தனை பேருக்கு நடுவில், நேற்று நடந்ததற்கு ஏதாவது ஒரு காரணம் கிடைத்துவிடும் என்று தோன்றியது. மைக்கில் கோளாறு. ஒலி அட்டையில் கோளாறு. அவளுடைய கம்ப்யூட்டரில் மட்டும் இருக்கிற ஏதோ ஒரு பிழை.

இரண்டு கடிதங்கள் வந்திருந்தன.

ஒன்று மலேசியாவில் கிள்ளானிலிருந்து ஒரு தமிழாசிரியர் எழுதியது. பார்வையற்ற மாணவர்களுக்காக எடுத்துப் பயன்படுத்துகிறாராம், நன்றி சொல்லியிருந்தார். குரல் தெளிவாக இருக்கிறது, பின்னணியில் மட்டும் தண்ணீர் சத்தம் கேட்கிறது, கிணற்றடியில் வைத்துப் பதிவு செய்தீர்களா என்று கேட்டிருந்தார். முதலில் இல்லை, இரண்டு நாளாகத்தான் கேட்கிறது என்றும் எழுதியிருந்தார்.

அடுத்தது மட்டக்களப்பிலிருந்து. மிகவும் சுருக்கம். "உங்கள் லைப்ரரி தானாக ஒரு சொல்லைச் சேர்க்கிறது. கீறேன் என்றால் என்ன? எங்கள் பக்கம் கீறுவது என்றால் கத்தியால் கீறுவது. யார் யாரைக் கீறமாட்டேன் என்கிறார்?"

நஜ்மா அந்தக் கடிதத்தை மறுபடி படித்தாள். மேலே மின்விசிறி சுற்றியது, பக்கத்துத் தடுப்பில் யாரோ ஒருவன் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு இந்திப் பாட்டுக்குத் தாளம் போட்டான். பிறகு இணையத்திலிருந்து 'வாய்' தொகுப்பை நீக்கினாள். உறுதியா என்று கேட்டது. உறுதி என்றாள். பிழை உள்ளது, தயவுசெய்து யாரும் பயன்படுத்த வேண்டாம் என்று ஒரு வரி எழுதிவைத்தாள்.

எழுந்திருப்பதற்குள் கிள்ளான் ஆசிரியரின் பதில் வந்துவிட்டது. கவலைப்படாதீர்கள் சகோதரி, உங்கள் உழைப்பு வீணாகக் கூடாது, நீங்கள் நீக்கியதைப் பார்த்ததும் என் பிரதியை வேறு தளத்தில் ஏற்றிவிட்டேன், இங்கே பல பள்ளிகளுக்கும் கொடுத்தாயிற்று, இனி யாரும் அழிக்க முடியாது என்று எழுதியிருந்தார். அடியில் கைகூப்பியிருப்பது போல ஒரு படம் இருந்தது.

எடுக்கலாம், திருத்தலாம், கொடுக்கலாம் என்று எழுதியவள் அவள்தான். திருப்பிக் கேட்கலாம் என்று அவள் எழுதவில்லை.

அன்று பிற்பகல் உம்மா தூங்கியபின் நஜ்மா தன் கம்ப்யூட்டரிலிருந்த கன்னியம்மாவின் குரல் துண்டுகளை எல்லாம் அழித்தாள். குப்பைக் கூடையையும் காலி செய்தாள். பிரதி எடுத்துவைத்த சிடியை இரண்டாக உடைத்தாள். உடைந்த சத்தத்தில் அவளுக்கு அழுகை வந்தது. இந்த உலகத்தில் கன்னியம்மாவின் குரல் இருந்த ஒரே வீடு இது என்று நினைத்தாள், பிறகு அது உண்மையில்லை என்பதும் ஞாபகம் வந்தது.

சோதித்துப் பார்க்காமல் அவளால் விட முடியவில்லை. அது அவள் படித்த படிப்பு. ஒன்றை மாற்றி, மற்றதை அப்படியே வைத்து, என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும். கதவைத் தாழ்போட்டாள். மின்விசிறியை நிறுத்தினாள். மைக்கை எடுத்து, அந்த ஒரு வாக்கியத்துக்கு வேண்டிய எழுத்துகளை மட்டும் தன் குரலிலேயே பதிவு செய்தாள். நா. ன். வீ. ஒவ்வொன்றையும் ஐந்தாறு தடவை சொல்ல வேண்டியிருந்தது. பதிவானது அத்தனையும் முனகல்தான். இருந்தாலும் அது அவளுடையது.

ஓட்டினாள்.

'நான்' என்றது, நஜ்மாவின் குரலில்.

பிறகு ஒன்றுமில்லை. வீட்டில் என்ற வார்த்தை வரவேண்டிய இடத்தில் தண்ணீர் விழுந்தது. உயரத்திலிருந்து. விடாமல். அதற்குள் எங்கோ, ஒரே ஒரு முறை, இரும்பு இரும்பின் மேல் ஆடியது. டங்கு.

'கீறேன்' என்று முடித்தது, நஜ்மாவின் குரலில்.

நஜ்மா பிறந்ததிலிருந்து அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அவர்கள் வீட்டில் இருக்கேன் என்பார்கள். அவள் வாய் அந்த வார்த்தைக்கு எப்படி வளையும் என்றுகூட அவளுக்குத் தெரியாது.

ஸ்பீக்கரைக் கழற்றிப் பீரோவுக்குள் துணிக்கடியில் வைத்தாள். அன்று இரவு உம்மாவை ஒட்டிப் படுத்துக்கொண்டாள். என்னடி சின்னப்பிள்ளை மாதிரி என்று உம்மா தூக்கத்தில் அவள் தலையைத் தடவினாள், அப்புறம் கையை எடுத்து முகர்ந்து பார்த்து, தலையில என்ன துரு வாடை, நாளைக்கு எண்ணெய் வெச்சுக் குளி என்றாள்.

பதினோராம் நாள் இரவு மழை வரும்போல இருந்தது, வரவில்லை. இஷா தொழுது முடித்து உம்மா பாயைச் சுருட்டிக்கொண்டிருந்தாள். முன்வாசலில் பாக்கியராஜ் வந்து நின்றான். பின்போர்ஷன்காரன் முன்வாசல் வழியாக வருவதில்லை. சட்டையை மாற்றி, தலைக்குத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தான், எங்கோ பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி. உள்ளே வாப்பா என்று உம்மா கூப்பிட்டாள். அவன் வாசற்படியிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, நஜ்மாவைப் பார்க்காமல் கம்ப்யூட்டரைப் பார்த்தான்.

"பாப்பா, அவ கொரலு இந்தப் பொட்டியில கீதாமே. ஒரு தபா கேட்டுக்கினு போயிடறேன்."

நஜ்மாவின் உதடு அசைந்தது. அழித்துவிட்டேன் அண்ணே என்று சொல்ல வேண்டும். இரண்டே வார்த்தை. வரவில்லை.

"போட்டுக் காட்டேன்டி, பாவம்" என்றாள் உம்மா.

பீரோவைத் திறந்து ஸ்பீக்கரை எடுத்தாள். மேலே கிடந்த துணிகள் ஈரமாக இருந்தன. வயரைச் சொருகினாள். ஸ்பீக்கரில் சிவப்புப் புள்ளி எரிந்தது. பாக்கியராஜ் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டான். ஸ்பீக்கருக்கு அருகே, காதை ஒரு பக்கமாகச் சாய்த்து.

"என் பேர சொல்லச் சொல்லு பாப்பா. கண்ணாலம் கட்டி இத்தினி வருசத்துல ஒரு தபா சொன்னதில்ல அவ. இதாவது சொல்லட்டும்."

நஜ்மாவுக்கு ஒரு நிம்மதிகூட வந்தது. அந்தப் பேருக்கு வேண்டிய எழுத்துகளில் பல இப்போது கம்ப்யூட்டரில் இல்லை. ஒரு துண்டு குறைந்தாலும் நிரல் ஒலிக்காது. கெட்டுப்போய்விட்டது அண்ணே என்று கைஜாடை காட்டி அனுப்பிவிடலாம். பாக்கியராஜ் என்று அடித்தாள். ஓட்டினாள்.

திரையில் சிவப்பு வரிகள் வந்தன. பா, துண்டு இல்லை. ய, துண்டு இல்லை. ரா, துண்டு இல்லை. ஜ், துண்டு இல்லை. அவள் எதிர்பார்த்தது போலத்தான். ஸ்பீக்கர் சும்மா இருந்தது. பாக்கியராஜ் காத்திருந்தான். வெளியே லோக்கல் ஒன்று வந்து நின்று புறப்பட்டது. அதன் சத்தம் தேய்ந்துகொண்டே போய் முழுசாக நின்றபின்னும் ஒரு இரைச்சல் மிச்சமிருந்தது, அது தண்டவாளத்திலிருந்து வரவில்லை என்பது அவளுக்கு மட்டும் தெரிந்தது.

தண்ணீர்.

"இன்னா பாப்பா, மழையா?" என்றான் பாக்கியராஜ்.

"யோவ்" என்றது ஸ்பீக்கர்.

கன்னியம்மாவின் குரல். ஒட்டிச் சேர்க்காத குரல். எழுத்து எழுத்தாக இல்லாமல், கொல்லைக் கதவிலிருந்து கூப்பிடுகிற மாதிரி, ஒரே மூச்சில். உம்மாவின் கையிலிருந்த தஸ்பீஹ் மாலை தரையில் விழுந்தது. பாக்கியராஜ் சிரித்தான். அது சிரிப்பாகத்தான் தொடங்கியது, பாதியில் வேறாகிவிட்டது. அவன் ஸ்பீக்கரை இரண்டு கையாலும் முகத்தைப் பிடிப்பதுபோலப் பிடித்துக்கொண்டான்.

"எங்கடி கீற?" என்றான். "ஊர்ல அவனவன் இன்னா இன்னாவோ பேசிக்கினு கீறான். எங்கதான்டி கீற நீ? சொல்லு."

கரண்ட் போனது.

அந்த வருஷம் எல்லா ராத்திரியும் போகும். யாருக்கும் அது புதிதில்லை. திரை அணைந்தது. யுபிஎஸ்ஸின் பேட்டரி எப்போதோ செத்துவிட்டது, அது கூவக்கூட இல்லை. ஸ்பீக்கரின் சிவப்புப் புள்ளி அணைந்தது. ஜன்னல் வழியாகத் தெரிந்த கொல்லை விளக்கு, இத்தனை நாளும் அவன் அணைக்காமல் விட்ட விளக்கு, அதுவும் அணைந்தது.

இருட்டில் உம்மா தீப்பெட்டியைத் தேடும் சத்தம்.

தண்ணீர் நிற்கவில்லை.

நஜ்மா காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். தரை சில்லென்று இருந்தது. பிறகு தரை சில்லென்று இல்லை, கால்தான் சில்லிட்டிருந்தது. கணுக்கால். முழங்கால். மூக்கில் ஈர இரும்பு. நாக்கில் ஈர இரும்பு. எச்சிலை விழுங்கப் பார்த்தாள். முடியவில்லை. வாய் நிறைய இருந்தது.

டங்கு.

தலைக்கு மேலே.

டங்கு.

யாரோ மிதித்துக்கொண்டு போகிறார்கள்.

"சொல்லுடி" என்றான் பாக்கியராஜ் இருட்டுக்குள்ளிருந்து.

"நான்" என்றது கன்னியம்மாவின் குரல்.

மிகவும் அருகில் கேட்டது. நஜ்மா ஸ்பீக்கர் இருந்த பக்கம் திரும்பினாள். கரண்ட் இல்லை. சிவப்புப் புள்ளி எரியவில்லை. இது எப்படி ஒலிக்கிறது என்று கேட்க நினைத்தாள். ஒன்றை மாற்றி, மற்றதை அப்படியே வைத்து.

எப்பனா வேணும்னா உன்னுத குடு, சரியா?

தலையாட்டினாளே.

உம்மா தீக்குச்சியைக் கிழித்தாள். முதல் குச்சி நமுத்துப்போயிருந்தது. இரண்டாவது பற்றியது. மஞ்சள் வெளிச்சத்தில் பாக்கியராஜ் ஸ்பீக்கரைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தான். அவன் ஸ்பீக்கரைப் பார்க்கவில்லை. உம்மாவும் அதைப் பார்க்கவில்லை. குச்சியில் தீ உம்மாவின் விரல்வரை எரிந்துகொண்டே இறங்கியது, அவள் அதை உதறவில்லை.

இரண்டு பேரும் நஜ்மாவின் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவள் மூடப் பார்த்தாள். உதடு மூடவில்லை. மோவாயில் ஏதோ வழிந்து மடியில் சொட்டியது. கறுப்பாக. அதில் செதில் செதிலாக ஏதோ மின்னியது. கையைத் தூக்கி வாயைப் பொத்திக்கொள்ள நினைத்தாள், கன்னியம்மா அன்று பொத்தினாளே அதுபோல. கை வரவில்லை. நாக்கு தானாக எழுந்தது. அவளுக்குத் தெரியாத ஒரு வார்த்தைக்கு அவள் வாய் வளைந்தது.

"நான் தகட்டுக்குக் கீழ, தொட்டியில கீறேன்யா. மேல தண்ணி வுட்டுக்கினே கீறானுங்க."